ஓடற சிமுலேஷனை நடுவுல பாக்கறதும் திருப்பறதும்: கிளஸ்டருக்குப் புதுசா வந்தவங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிளஸ்டர்ல (பல கம்ப்யூட்டர்கள ஒண்ணா இணைச்ச பெரிய மெஷின்) ஜாப் போட்டு, க்யூல காத்திருந்து, மூணு நாள் ஓடி முடிஞ்ச அப்பறம் அவுட்புட்ட திறந்து பாக்கறீங்க. முதல் ஒரு மணி நேரத்துலயே விடை கெட்டுப் போயிருக்கு, ஓரத்துல குடுத்த ஒரு வெப்பநிலை தப்பு, மீதி 71 மணி நேரமும் அந்தத் தப்புதான் ஓடியிருக்கு. இத ஒரு தடவ அனுபவிச்சவங்களுக்கு, ஓடும்போதே உள்ள எட்டிப் பாக்க ஒரு வழி இருந்திருந்தா முதல் நாளே நிறுத்தியிருப்பேனே, இல்ல அந்த ஒரு அளவ மட்டும் திருத்திட்டு தொடர்ந்திருப்பேனேன்னு கண்டிப்பா தோணியிருக்கும். அந்த வேலைக்குத்தான் ஸ்டீரிங்னு பேரு. சிமுலேஷன் ஓடிட்டு இருக்கும்போதே படமா பாக்கறது, பாத்ததை வெச்சு ஒரு முடிவு எடுக்கறது, அந்த முடிவ ஓடற ப்ரோக்ராமுக்கே சொல்றது.

இது புது ஆசை இல்ல. 1987ல அமெரிக்க நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனுக்காக மெக்கார்மிக், டிஃபான்டி, பிரவுன் மூணு பேரும் தொகுத்த அறிக்கையிலயே, கணக்கு முடியற வரைக்கும் காத்திருக்காம நடுவுலயே அத திருப்பணும்ங்கற பேச்சு வந்துடுச்சு. 1990கள்ல யூட்டா பல்கலைக்கழகத்துல எஸ்சிஐரன், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல கியுமுல்வ்ஸ்னு அதுக்குன்னே மென்பொருள் எழுதுனாங்க. 2003ல டெராஜைராய்டுன்னு ஒரு திட்டத்துல பிரிட்டன்லயும் அமெரிக்காலயும் இருந்த கம்ப்யூட்டர்கள இணைச்சு லாட்டிஸ் போல்ட்ஸ்மன் (திரவ ஓட்டத்த கணக்கு போடற ஒரு முறை) சிமுலேஷன ஓட்டி, ஓடும்போதே பாத்து, திருப்பி, ஒரு மெஷின்ல எடுத்த செக்பாயிண்ட்ட (அந்த நேரத்து முழு நிலைய எழுதி வெச்ச ஃபைல்) வெச்சு இன்னொரு மெஷின்ல தொடர்ந்தாங்க. அதனால நீங்க ஆரம்பிக்கப் போறது நல்லா நடந்து பழகுன பாதைதான், தைரியமா இறங்கலாம்.

புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல படத்துல இருந்துதான் ஆரம்பிக்கறாங்க, பெரிய ஸ்க்ரீன்ல கலர் கலரா சுழல் ஓடறத பாக்கற ஆசை, அது நியாயம்தான். ஆனா என் அனுபவத்துல படம் ரெண்டாவது வேலை. முதல் வேலை, உங்க ப்ரோக்ராமுக்குள்ள ஒரு நல்ல நிறுத்தத்தக் கண்டுபிடிக்கறது. நிறுத்தம்னா எல்லா ப்ராசஸும் (ஒரே நேரத்துல ஓடற உங்க ப்ரோக்ராமோட பிரதிகள்) ஒரே ஸ்டெப்ல, ஒரே நிலையில, பாதி வேலையில இல்லாம நிக்கற இடம். அந்த இடம் தெரியாம எந்த டூல கொண்டு வந்து ஒட்டினாலும் உருப்படியா வராது. அது சரியா அமைஞ்சுட்டா மீதி எல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்து உக்காந்துக்கும்.

ஒரு எளிய உதாரணத்தோட போவோம்

ஒரு உலோகத் தகட்டுல வெப்பம் பரவறத கணக்கு போடற ப்ரோக்ராம எடுத்துக்குங்க. தகட்ட சின்னச் சின்ன கட்டமா பிரிச்சு, அந்தக் கட்டங்கள பட்டை பட்டையா வெட்டி ஒவ்வொரு பட்டையையும் ஒரு எம்பிஐ ரேங்குக்கு குடுக்கறோம் (எம்பிஐங்கறது ப்ராசஸ்கள் ஒண்ணுக்கொண்ணு மெசேஜ் அனுப்பிக்கற முறை, ரேங்க்னா அதுல எண் போட்ட ஒரு ப்ராசஸ்). ஒவ்வொரு ஸ்டெப்லயும் பக்கத்து ரேங்க் கிட்ட இருந்து ஓர வரிசைய வாங்கணும் (இதத்தான் ஹாலோன்னு சொல்றாங்க), உள்ள இருக்கற கட்டங்களுக்கு புது வெப்பநிலை கணக்கு போடணும், அடுத்த ஸ்டெப்புக்குப் போகணும். அவ்வளவுதான் ப்ரோக்ராம். பைத்தான்ல எம்பிஐ4பை, நம்பை வெச்சு எழுதினா நூறு வரிக்குள்ள முடிஞ்சுடும், உங்க சொந்த லேப்டாப்லயே நாலு ரேங்க் வெச்சு ஓட்டலாம். பெரிய கோட வெச்சுக்கிட்டு நேரா அதுல கை வெக்காதீங்க, முதல்ல இந்த மாதிரி ஒரு சின்னதுல பழகிட்டு அப்பறம் அந்தப் பக்கம் போங்க, ஏன்னா ஹேங் ஆனா எங்க ஹேங் ஆச்சுன்னு சின்னதுல அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சுடலாம்.

இதுல நிறுத்தம் எங்க இருக்கு? ஒரு ஸ்டெப்போட கணக்கு முடிஞ்சு, அடுத்த ஸ்டெப்போட ஹாலோ பரிமாற்றம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. அப்போ எந்த மெசேஜும் பாதி வழியில இல்ல, எல்லா ரேங்க்கிட்டயும் ஒரே ஸ்டெப் நம்பரோட முழுசான விடை இருக்கு. அந்த இடத்துல ஒரு ஃபங்ஷன் கால் போடுங்க, பேரு என்ன வேணா வெச்சுக்குங்க, நான் நிறுத்தம்னே வெப்பேன். எல்லா ஸ்டெப்லயும் அது வேலை செய்யணும்னு இல்ல, 50 ஸ்டெப்புக்கு ஒரு தடவ, இல்ல ஒரு ஸ்டெப்பே பத்து நொடி எடுக்கற கோடா இருந்தா ஒவ்வொரு ஸ்டெப்லயும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல சில நொடிகள் இருந்தா கையில பிடிச்சு ஓட்டற உணர்வு வரும், அஞ்சு நிமிஷம் ஆனா கடிதம் எழுதி பதிலுக்குக் காத்திருக்கற மாதிரி ஆகிடும், அது சில வேலைக்குப் போதும்தான்.

முதல் ஸ்டீரிங்: ஒரு டெக்ஸ்ட் ஃபைல்

சாக்கெட், வெப் சர்வர் எதுவும் இப்ப வேண்டாம். ஜாப் ஓடற டைரக்டரில கண்ட்ரோல்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் வைங்க, அதுல ரெண்டு மூணு வரி, வெப்பப் பரவல் எண் இவ்வளவு, இடது ஓர வெப்பநிலை இவ்வளவு, எத்தன ஸ்டெப்புக்கு ஒரு படம், நிறுத்தணுமா வேண்டாமா. நிறுத்தத்துக்கு வந்ததும் ரேங்க் 0 மட்டும் அந்த ஃபைல திறந்து படிக்கணும், படிச்சத எம்பிஐ பிராட்காஸ்ட் மூலமா எல்லாருக்கும் அனுப்பணும், எல்லாரும் அதே ஸ்டெப்ல அந்தப் புது மதிப்ப எடுத்துக்கணும்.

ரேங்க் 0 மட்டும்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா, நான் முதல் தடவ எழுதினப்ப ஒவ்வொரு ரேங்கும் தானே ஃபைல படிக்கற மாதிரி எழுதிட்டேன், 64 ரேங்க், பாக்க எளிமையா இருந்துச்சு, லேப்டாப்ல டெஸ்ட் பண்ணப்பவும் ஒழுங்கா ஓடுச்சு. கிளஸ்டர்ல ஓட விட்டு ஒரு நாள் நடுவுல பரவல் எண்ண மாத்துனேன், நான் சேவ் பண்ண அந்த நேரத்துல சில ரேங்க் பழைய ஃபைல படிச்சு முடிச்சிருந்துச்சு, சிலது புதுச படிச்சுது, 50 ஸ்டெப்புக்கு தகட்டுல பாதி ஒரு உலோகமாவும் மீதி பாதி இன்னொரு உலோகமாவும் ஓடியிருக்கு. க்ராஷ் ஆகல, எரர் வரல, படத்துல மட்டும் பட்டைகளோட ஓரத்துல மெல்லிசா ஒரு கோடு, ஹாலோலதான் பிழைன்னு நெனச்சு ரெண்டு நாள் அங்கயே தேடினேன். நிறுத்தணும்ங்கற கொடிய இப்படி படிச்சிருந்தா இன்னும் மோசம், பாதி ரேங்க் வெளிய போயிடும், மீதி பாதி வராத மெசேஜுக்காக நேரம் தீர்ற வரைக்கும் நின்னுட்டே இருக்கும். இதோட ஆயிரம் ரேங்க் ஒரே ஃபைல ஒவ்வொரு நிறுத்தத்துலயும் திறந்தா லஸ்டர் மாதிரி, கிளஸ்டர் முழுக்க பகிர்ந்துக்கற பேரலல் ஃபைல் சிஸ்டத்துல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற மெட்டாடேட்டா சர்வர் திணறும், அங்க உங்க ஜாப் மட்டும் இல்ல, மத்தவங்க ஜாபும் சேர்ந்து மெதுவாகும்.

அடுத்தது, ஃபைல எழுதற விதம். எடிட்டர்ல நேரா திறந்து சேவ் பண்ணா, பாதி எழுதின நிலையில ரேங்க் 0 படிச்சுடலாம், 0.0001ன்னு இருக்க வேண்டிய இடத்துல 0.0 மட்டும் கிடைக்கும். அதனால வேற பேர்ல ஒரு ஃபைல முழுசா எழுதி முடிச்சுட்டு, அத கண்ட்ரோல்ங்கற பேருக்கு எம்வி கமாண்டால மாத்துங்க, ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ள பேர் மாத்தறது ஒரே அடியில நடக்கும், பாதி நிலைன்னு ஒண்ணு இருக்காது. லாகின் நோட்ல (நீங்க உள்ள நுழையற மெஷின்) மாத்துனது கம்ப்யூட் நோடுக்கு (ஜாப் ஓடற மெஷின்) தெரிய சில நொடி ஆகலாம், என்எஃப்எஸ்ங்கற நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம் இருக்கற இடத்துல அது சகஜம், உடனே மாறலன்னு பதறி திரும்பத் திரும்ப எழுதாதீங்க.

படிச்ச மதிப்ப அப்படியே நம்பக் கூடாது, பிராட்காஸ்ட்டுக்கு முன்னாடியே சரி பாக்கணும். நம்ம தகட்டு உதாரணத்துலயே ஒரு நல்ல பாடம் இருக்கு. எளிய எக்ஸ்ப்ளிசிட் முறையில (பழைய ஸ்டெப்போட மதிப்புகள மட்டும் வெச்சு புதுச கணக்கு போடறது) ரெண்டு பரிமாணத்துக்கு டைம் ஸ்டெப் எவ்வளவு பெருசா இருக்கலாம்னா, கட்ட அகலத்தோட வர்க்கத்த பரவல் எண்ணோட நாலு மடங்கால வகுத்தா வர்ற அளவு வரைக்கும்தான். கட்டம் 1 மில்லிமீட்டர், பரவல் எண் நொடிக்கு 0.0001 சதுர மீட்டர்னா (தாமிரம் கிட்டத்தட்ட இந்த அளவுதான்) 0.0025 நொடி. நீங்க டைம் ஸ்டெப்ப 0.002ன்னு வெச்சு நிம்மதியா ஓட்டிட்டு இருக்கீங்க, நடுவுல பரவல் எண்ண ரெண்டு மடங்காக்கினா என்ன ஆகும்ங்கறதயும் பாக்க ஆசைப்பட்டு மாத்துறீங்க, எல்லை 0.00125க்கு இறங்கிடுச்சு, உங்க 0.002 அதுக்கு மேல நிக்குது. கொஞ்ச ஸ்டெப்லயே வெப்பநிலை மேலயும் கீழயுமா துள்ளி, முடிவிலிக்குப் போய், கடைசில எங்க பாத்தாலும் இது எண்ணே இல்லங்கற NaN குறிதான் நிக்கும். திருப்பக் கூடிய ஒவ்வொரு அளவுக்கும் குறைஞ்சது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, அது மாறினா கூட வேற எது மாறணும்னு ஒரு சின்ன அட்டவணைய கோடுக்குள்ளயே எழுதி வைங்க. எல்லைய மீறினா பழைய மதிப்புலயே தொடரணும், லாக்ல ஒரு வரி எழுதணும், ஜாப் சாகக் கூடாது.

லாக் பத்தி இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இத பின்னால பாத்துக்கலாம்னு விட்டவங்க யாரும் பாத்ததில்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்டெப் நம்பர், சிமுலேஷன் நேரம், எந்த அளவு, பழைய மதிப்பு, புது மதிப்பு, மாத்துனது யாரு, ஏன்னு ஒரு வரி. கையால திருப்பின சிமுலேஷனோட விடைய யாராவது எப்படி வந்துச்சுன்னு கேட்டா காட்டறதுக்கு உங்ககிட்ட இருக்கறது இந்த ஃபைல் ஒண்ணுதான். எல்லா அளவையும் திருப்ப விடவும் வேண்டாம், கட்ட எண்ணிக்கை, ரேங்க் பிரிப்பு மாதிரி விஷயங்கள ஓடும்போது மாத்தறது தனி வேலை, ஆரம்பத்துல மூணு நாலு அளவோட நிறுத்திக்குங்க.

நிறுத்து, பாஸ், செக்பாயிண்ட்

அளவுகள மாத்தறதுக்கு முன்னாடியே இந்த மூணு வந்துடணும்னுதான் நான் சொல்வேன். நிறுத்துன்னா செக்பாயிண்ட் எழுதிட்டு எல்லா ரேங்கும் ஒழுங்கா வெளிய வர்றது. செக்பாயிண்ட்னா எச்டிஎஃப்5 மாதிரி ஒரு ஃபைல்ல முழு நிலையையும், அதோட அந்த நேரத்துல நடப்புல இருக்கற எல்லா ஸ்டீரிங் அளவையும் சேர்த்து எழுதறது. வெறும் வெப்பநிலைய மட்டும் எழுதிட்டு பரவல் எண்ண விட்டுட்டீங்கன்னா திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய இன்புட் ஃபைல்ல இருந்து பழைய எண் வந்து உக்காந்துக்கும், இதுவும் சத்தமே போடாத பிழை. செக்பாயிண்ட் இருந்தா ஒரு பெரிய வசதி, ஏதாவது மாத்திப் பாத்து பிடிக்கலன்னா பின்னால போகலாம், ஒரே இடத்துல இருந்து ரெண்டு கிளையா பிரிச்சு ஓட்டலாம். டெராஜைராய்டு காலத்துலயே செக்பாயிண்ட்கள மரம் மாதிரி வெச்சுக்கிட்டு எந்தக் கிளைல இருந்து வேணா தொடர்ற பழக்கம் இருந்துச்சு.

பாஸ்னா (pause) வெளிய வராம அப்படியே நிறுத்தி வெக்கறது. பாஸ் பண்ணும்போது ரேங்க் 0 ஒரு நொடி தூங்கி எழுந்து ஃபைல பாக்கும், மத்தவங்க பிராட்காஸ்ட்ல காத்திருப்பாங்க. பாக்க சும்மா இருக்கற மாதிரி தெரியும், ஆனா பெரும்பாலான எம்பிஐகள்ல காத்திருக்கற ப்ராசஸ் சிபியுவ முழுசா சுத்திட்டேதான் இருக்கும், அதுக்கு மேல நோட்கள் உங்க பேர்ல பிடிச்சு வெச்சிருக்கறதால கணக்குல நேரம் கழிஞ்சுட்டேதான் இருக்கும். அதனால பாஸுக்கு ஒரு காலக்கெடு வைங்க, 15 நிமிஷம் யாரும் எதுவும் சொல்லலன்னா செக்பாயிண்ட் எழுதிட்டு தானா வெளிய வந்துடணும்.

ஜாப்கள வரிசையா ஓட்டற ஸ்லர்ம்ங்கற மென்பொருள் இருக்கற கிளஸ்டர்னா இன்னொண்ணு செய்யலாம், ஜாப் குடுக்கற எஸ்பேட்ச் ஃபைல்ல சிக்னல் ஆப்ஷன் குடுத்து, நேரம் முடிய 120 நொடி இருக்கும்போது யூஎஸ்ஆர்1 சிக்னல் அனுப்பச் சொல்லலாம். அந்த ஆப்ஷன்ல முன்னாடி பி போட்டா சிக்னல் பேட்ச் ஷெல்லுக்கு மட்டும் போகும், போடலன்னா எஸ்ரன் ஆரம்பிச்ச ப்ராசஸ்களுக்குப் போகும், நமக்கு வேண்டியது ரெண்டாவது. சிக்னல் வந்ததும் அதோட ஹேண்ட்லர்ல ஃபைல் எழுத ஆரம்பிச்சுடாதீங்க, ஒரு கொடிய மட்டும் ஏத்துங்க, அடுத்த நிறுத்தத்துல எல்லா ரேங்கும் ஒரு ஆல்ரெட்யூஸ் (எல்லாரோட மதிப்பையும் சேர்த்து ஒரே விடைய எல்லாருக்கும் குடுக்கற எம்பிஐ கால்) பண்ணி யாராவது ஒருத்தர் கொடி ஏத்தியிருந்தாலும் எல்லாரும் சேர்ந்து செக்பாயிண்ட் எழுதுங்க. எல்லாமே நிறுத்தத்துலதான் நடக்கணும், நிறுத்தத்துக்கு வெளிய எதுவும் மாறக் கூடாது, இந்த ஒரு ஒழுங்க மட்டும் விடாதீங்க.

இப்ப படம்

முதல்ல ஒரு கணக்கு. 1024×1024×1024 கட்டம்னா 107 கோடி புள்ளி, ஒவ்வொண்ணும் 8 பைட், ஒரு அளவுக்கே 8.6 ஜிபி. வேகம் மூணு திசைல, அழுத்தம், வெப்பநிலைன்னு அஞ்சு அளவு வெச்சா ஒரு ஸ்டெப்புக்கு 43 ஜிபி. நொடிக்கு 1 கிகாபிட் லைன் முழு வேகத்துல கிடைச்சாலும் உங்க மெஷினுக்கு அது வர கிட்டத்தட்ட 6 நிமிஷம். அதே நேரத்துல 1920×1080 அளவுல ஒரு படம் சுருக்காமலே 6 எம்பிதான், சுருக்கினா சில நூறு கேபி. டேட்டாவ கண்ணுக்கு கொண்டு வராதீங்க, டேட்டா இருக்கற இடத்துலயே படமாக்கி படத்த கொண்டு வாங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். சிமுலேஷன் ஓடற மெமரிலயே வெச்சு படம் எடுக்கறதுக்கு இன் சிட்டுன்னு பேரு. பக்கத்துல வேற நோடுகளுக்கு டேட்டாவ தள்ளி அங்க படம் எடுத்தா இன் ட்ரான்சிட். புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு முதல் வழி போதும்.

ஆரம்பம் ரொம்ப எளிமையா இருக்கட்டும். நிறுத்தத்துல ஒவ்வொரு ரேங்கும் தன் பட்டைல எட்டுல ஒரு புள்ளி மட்டும் எடுத்து ரேங்க் 0க்கு கேதர் பண்ணட்டும், ரேங்க் 0 மேட்ப்ளாட்லிப்ங்கற பைத்தான் லைப்ரரில ஒரு பிஎன்ஜி படம் எழுதட்டும். அதோட ஒரு வரி எண்களும் எழுதுங்க, குறைஞ்ச வெப்பநிலை, அதிக வெப்பநிலை, மொத்த ஆற்றல், ஒரு ஸ்டெப்புக்கு ஆன நேரம். உண்மையச் சொன்னா பாதி தப்புகள் இந்த ஒரு வரிலயே மாட்டிக்கும், மொத்த ஆற்றல் ஏறவே கூடாத இடத்துல ஏறுதுன்னா படம் பாக்கத் தேவையே இல்ல. கலர் எல்லைய முன்னாடியே நிலையா வெச்சுக்குங்க, இல்லன்னா ஆல்ரெட்யூஸ்ல எல்லா ரேங்கோட குறைஞ்சது, அதிகம் ரெண்டையும் எடுத்துக்குங்க. ஒவ்வொரு படத்துக்கும் எல்லை தானா மாறினா, வெப்பம் குறைஞ்சுட்டே போனாலும் படம் எப்பவும் ஒரே மாதிரி சிவப்பாத்தான் தெரியும், நீங்க தப்பான முடிவு எடுத்து தப்பான பக்கம் திருப்புவீங்க. வானவில் கலர் வரிசைய விட்டுட்டு விரிடிஸ் மாதிரி வெளிச்சம் சீரா ஏறற ஒண்ண எடுங்க, வானவில்ல மஞ்சள் வர்ற இடத்துல இல்லாத ஒரு விளிம்பு இருக்கற மாதிரி கண்ணு நம்பிடும்.

இது போதலன்னு ஆகும்போது, முப்பரிமாணம், சமமதிப்புப் பரப்பு, ஓட்டக்கோடுன்னு வேணும்போது பாராவியூங்கற படம் காட்டற மென்பொருளோட கேட்டலிஸ்ட் (அத ஓடற சிமுலேஷனோட இணைக்கற லைப்ரரி) பக்கம் போங்க. பாராவியூ 2000ல கிட்வேர் நிறுவனமும் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் சேர்ந்து ஆரம்பிச்சது, இலவசம், திறந்த மூலம். கேட்டலிஸ்ட்டோட ரெண்டாவது வடிவத்துல உங்க கோடுக்குள்ள போட வேண்டியது மூணே மூணு கால், ஆரம்பத்துல இனிஷியலைஸ், நிறுத்தத்துல எக்ஸிக்யூட், கடைசில ஃபைனலைஸ். கட்டம் எப்படி இருக்கு, அளவுகள் மெமரில எங்க இருக்குன்னு காண்டுயிட்டுங்கற லைப்ரரியோட நோட்கள்ல (இது கிளஸ்டர் நோட் இல்ல, டேட்டாவ விவரிக்கற மரத்தோட கிளைகள்) எழுதிக் குடுக்கணும், பாயிண்டர (மெமரி முகவரி) மட்டும் குடுத்தா டேட்டாவ காப்பி பண்ணாமயே எடுத்துக்கும். என்ன படம் எடுக்கணும்ங்கறது உங்க கோடுல இல்ல, தனி பைத்தான் ஸ்கிரிப்ட்ல, அதனால கோணத்த மாத்த கோட மறுபடி கம்பைல் பண்ண வேண்டாம். இன்னும் ஒரு நல்ல விஷயம், வெறும் கூடு மாதிரி ஒரு சின்ன லைப்ரரியோட லிங்க் பண்ணி வெச்சுட்டு, ஓட்டும்போது என்விரான்மென்ட் வேரியபிள் வழியா நிஜ பாராவியூ கேட்டலிஸ்ட்ட காட்டலாம், படம் வேண்டாத நாள்ல அந்தச் சுமையே இருக்காது. அளவுகள திரும்ப சிமுலேஷனுக்கு அனுப்பவும் அதுலயே ரிசல்ட்ஸ்னு ஒரு கால் இருக்கு, பாராவியூ ஜன்னல்ல ஒரு ஸ்லைடர இழுத்தா அந்த எண் அது வழியா உங்ககிட்ட வரும். வந்த எண்ணையும் ஃபைல்ல வந்த எண் மாதிரியே சரி பாத்து, லாக் பண்ணி, எல்லா ரேங்குக்கும் ஒரே ஸ்டெப்ல குடுக்கணும், ஸ்லைடர் வழியா வந்ததால அதுக்கு தனிச் சலுகை ஒண்ணும் கிடையாது.

அசென்ட், விசிட்டோட லிப்சிம்னு வேற வழிகளும் இருக்கு. அசென்ட்டும் காண்டுயிட்ல இருந்தே டேட்டாவ எடுக்கும், குறிப்பிட்ட நிபந்தனை வந்தா மட்டும் படம் எடுன்னு ட்ரிகர் வெக்கலாம், ராத்திரி நீங்க தூங்கும்போது வெப்பநிலை ஒரு எல்லைய தாண்டினா மட்டும் படம் எடுக்கற மாதிரி வேலைக்கு அது ரொம்ப நல்லா இருக்கும்.

நேரலையா இணைக்கறது

இங்கதான் புதியவங்க அதிகமா மாட்டிக்கறாங்க, சிமுலேஷன்ல இல்ல, நெட்வொர்க்ல. உங்க லேப்டாப்புக்கும் கம்ப்யூட் நோடுக்கும் நடுவுல லாகின் நோட் இருக்கு, கம்ப்யூட் நோட வெளியில இருந்து நேரா தொட முடியாது. அதனால எஸ்எஸ்ஹெச் டனல் போடணும், அதாவது லாகின் நோட் வழியா கம்ப்யூட் நோடுக்கு ஒரு பாதுகாப்பான குழாய்.

கேட்டலிஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சும்மா பிவிசர்வர (கிளஸ்டர்ல ஓடற பாராவியூவோட சர்வர் பாதி) மட்டும் வெச்சு பழகுங்க. ஸ்லர்மோட எஸ்அலாக் கமாண்ட் போட்டு ஒரு நோட் வாங்குங்க, எஸ்ரன் வழியா பிவிசர்வர் ஆரம்பிங்க, அது சாதாரணமா 11111ங்கற போர்ட்ல காத்திருக்கும். நோடோட பேர எஸ்க்யூ கமாண்ட்ல பாத்துக்குங்க. லேப்டாப்ல எஸ்எஸ்ஹெச் கமாண்டுக்கு மைனஸ் போட்டு பெரிய எல் ஆப்ஷன் குடுத்து, லேப்டாப்போட 11111 போர்ட்ட அந்த நோடோட 11111க்கு லாகின் நோட் வழியா கட்டுங்க. அப்பறம் பாராவியூல லோக்கல்ஹோஸ்ட் 11111க்கு கனெக்ட் பண்ணுங்க. கனெக்ட் ஆகலன்னா முதல்ல பாக்க வேண்டியது வெர்ஷன், லேப்டாப்ல இருக்கற பாராவியூவும் கிளஸ்டர்ல இருக்கறதும் ஒரே வெர்ஷனா இருக்கணும், இல்லன்னா கைகுலுக்கும்போதே மறுத்துடும். அடுத்தது போர்ட், அதே நோட்ல வேற யாராவது 11111ஐ பிடிச்சிருந்தா வேற எண் குடுங்க. லாகின் நோட்ல இருந்து கம்ப்யூட் நோட் போர்ட்ட தொட விடாத கிளஸ்டரா இருந்தா, உங்க ஜாப் ஓடற நோடுக்கு எஸ்எஸ்ஹெச் அனுமதி இருக்கான்னு பாத்து, பெரிய ஜே ஆப்ஷனோட லாகின் நோட தாண்டி நேரா அங்க போகலாம், அதுவும் இல்லன்னா ரிவர்ஸ் கனெக்ஷன்னு சர்வரே க்ளையன்ட்ட தேடி வர்ற வழி இருக்கு. இதெல்லாம் சரியா வந்த அப்பறம் கேட்டலிஸ்ட் லைவ் (ஓடற சிமுலேஷன நேரா பாராவியூ ஜன்னல்ல காட்டறது) போடுங்க, அதுக்கு வழக்கமான போர்ட் 22222, கான்செப்ட் அதேதான்.

பாதுகாப்ப லேசா எடுத்துக்காதீங்க. பிவிசர்வர்ல பாஸ்வேர்ட் கேக்கற ஏற்பாடோ என்க்ரிப்ஷனோ கிடையாது, போர்ட்ட எட்ட முடிஞ்சவங்க உள்ள வந்துடலாம், கனெக்ட் ஐடின்னு ஒரு எண் குடுத்தா தெரியாம வந்து இணையறவங்கள தடுக்கும், அவ்வளவுதான். நீங்களே ஜீரோஎம்க்யூ மாதிரி ஒரு மெசேஜ் லைப்ரரிய வெச்சு ஸ்டீரிங் சாக்கெட் எழுதினா அத லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் காது குடுக்க வைங்க, ஒரு ரகசிய டோக்கன் வைங்க, பைத்தான் பிக்கிள்ல (பைத்தான் பொருள்கள பைட்டா மாத்தி அனுப்பற முறை) வர்ற மெசேஜ திறக்கவே திறக்காதீங்க, அது வழியா உங்க கணக்குல யாரு வேணா எந்தக் கமாண்டும் ஓட்டலாம். அதோட ரேங்க் 0 அந்த சாக்கெட்ல காத்து நிக்கக் கூடாது, மெசேஜ் இருக்கா, இருந்தா எடு, இல்லன்னா போ. உங்க வைஃபை அறுந்ததுக்காக 64 நோட் நின்னுச்சுன்னா அது ஸ்டீரிங் இல்ல.

கம்ப்யூட் நோட்ல மானிட்டர் கிடையாது, அதனால பாராவியூ ஈஜிஎல் இல்ல ஓஎஸ்மெசா வழியா, மானிட்டர் இல்லாமலே படம் எடுக்கற மாதிரி இருக்கணும், ஜிபியு இருந்தா முன்னது, இல்லன்னா சிபியுலயே வரையற பின்னது. ஒவ்வொரு ரேங்கும் தன் பங்க மட்டும் படமாக்கும், அப்பறம் எது முன்னால எது பின்னாலன்னு ஆழத்த வெச்சு எல்லாத்தையும் ஒரே படமா சேர்ப்பாங்க, பாராவியூல அந்த வேலைய சாண்டியா ஆய்வகத்துல உருவான ஐஸ்டி லைப்ரரி பாத்துக்குது. ரேங்க் ஓரங்கள்ல படத்துல பிளவு மாதிரி தெரிஞ்சா ஹாலோ கட்டங்கள கோஸ்ட்னு (பக்கத்து ரேங்க்கோட பிரதி, தனியா வரைய வேண்டாம்ங்கற குறி) குறிச்சு அனுப்பியிருக்கீங்களான்னு பாருங்க.

மூலக்கூறு ஆளுங்களுக்கு

உங்க துறை மாலிக்யூலர் டைனமிக்ஸ்னா (அணுக்கள் அசையறத கணக்கு போடறது) இவ்வளவு கஷ்டமே வேண்டாம், வேலை முன்னாடியே முடிஞ்சிருக்கு. ஐஎம்டின்னு ஒரு ப்ரோட்டோகால் இருக்கு, விஎம்டிங்கற மூலக்கூறு படம் காட்டற மென்பொருள் அது வழியா ஓடற சிமுலேஷனோட நேரா பேசும், நீங்க ஒரு அணுவ மவுஸால பிடிச்சு இழுத்தா அந்த விசை சிமுலேஷனுக்குப் போய் சேரும். சிமுலேஷன் ப்ரோக்ராம்கள்ல, நேம்டில ஐஎம்டிஆன் போடணும், லாம்ப்ஸ்ல ஃபிக்ஸ் ஐஎம்டி, க்ரோமாக்ஸ்லயும் இருக்கு, க்ரோமாக்ஸோட வழக்கமான போர்ட் 8888, இழுக்கறதுக்கு தனியா ஐஎம்டிபுல் ஆப்ஷன் குடுத்தாத்தான் விசைய ஏத்துக்கும். நிறுத்தம்னு நான் இவ்வளவு நேரம் சொன்னத அவங்களே உள்ள கட்டி வெச்சிருக்காங்க. ஸ்டீரிங்ங்கற உணர்வு எப்படி இருக்கும்னு ஒரு நாள் தெரிஞ்சுக்கணும்னா, உங்க துறை வேறயா இருந்தாலும், ஒரு சின்ன மூலக்கூற லேப்டாப்ல ஓட்டி இழுத்துப் பாருங்க, இழுத்த உடனே அது நெளிஞ்சு எதிர்க்கறத பாக்கும்போது இந்த வேலை மேல வர்ற பிரியம் வேற.

எவ்வளவு சுமை தாங்கும்

படம் எடுக்கற ஒவ்வொரு தடவையும் சிமுலேஷன் நிக்குது. நிறுத்தத்துக்கு ஆன நேரத்த தனியா அளந்து லாக்ல எழுதுங்க, மொத்தத்துல அது எத்தன சதவீதம்னு பாருங்க, நான் 5 சதவீதத்த தாண்ட விடறதில்ல, அது என் சொந்தக் கணக்கு, உங்க வேலைக்கு 20கூட நியாயமா இருக்கலாம். தாண்டினா அடிக்கடி எடுக்கறத குறைங்க, இல்லன்னா ஸ்லைஸ் மட்டும் எடுங்க. அதுக்கு மேலயும் வேணும்னாத்தான் இன் ட்ரான்சிட், அடியாஸ்2ங்கற டேட்டா அனுப்பற லைப்ரரியோட எஸ்எஸ்டி (SST) எஞ்சின் மாதிரி ஒண்ணால டேட்டாவ வேற நோடுக்குத் தள்ளிட்டு சிமுலேஷன் அது பாட்டுக்கு ஓடும், படம் கொஞ்சம் பின்தங்கி வரும். அப்ப ஒண்ணு ஞாபகம் இருக்கணும், நீங்க பாக்கற படம் ஸ்டெப் 4000, சிமுலேஷன் நிக்கறது 4300ல, மாற்றம் 4300லதான் விழும். அதனால படத்துல எப்பவும் ஸ்டெப் நம்பர பெருசா எழுதி வைங்க.

கடைசியா ஒரு சோதனை, இத முடிக்காம பெரிய ரன்னுக்குப் போகாதீங்க. சின்ன தகட்டுல ஒரு அரை மணி நேரம் உங்க இஷ்டத்துக்கு திருப்புங்க, பாஸ் பண்ணுங்க, ஒரு தடவ செக்பாயிண்ட்ல நிறுத்தி திரும்ப ஆரம்பிங்க. முடிஞ்ச அப்பறம் அந்த லாக் ஃபைல மட்டும் இன்புட்டா குடுத்து, மனுஷ கையே படாம, அதே ரேங்க் எண்ணிக்கையோட முதல்ல இருந்து ஓட்டுங்க, எந்தெந்த ஸ்டெப்ல என்ன மாறுச்சோ அத ப்ரோக்ராமே செஞ்சுக்கணும். ரெண்டு விடையையும் கழிச்சுப் பாருங்க. நம்ம தகட்டு கோடுல ரேங்குகளுக்கு நடுவுல கூட்டல் எதுவும் விடைக்குள்ள போகல, அதனால வித்தியாசம் எல்லாக் கட்டத்துலயும் சரியா 0 வரணும். பெரிய கோடுகள்ல எம்பிஐ கூட்டற வரிசை மாறி கடைசி இலக்கங்கள் லேசா ஆடலாம், அது வேற. ஆனா தகட்டுல 0 வரலன்னா ஏதோ ஒரு மாற்றம் நிறுத்தத்துக்கு வெளிய நடந்திருக்கு, இல்ல லாக்ல ஏறாம போயிருக்கு, இல்ல செக்பாயிண்ட்ல ஏதோ ஒரு அளவு விட்டுப் போச்சு, இந்த மூணுல எதுன்னு, முதல்ல வித்தியாசம் வந்த ஸ்டெப்ப பிடிச்சு தேடுங்க.